விலகிச் செல்லும் வாத்தியக்காரன்

கீர்த்தியின் உச்சியில் இருக்கும் ஒரு ராக் இசைக்குழுவிலிருந்து, அதன் கிட்டார்க் கலைஞன், பணமும் புகழும் ஓயாது வந்துகொண்டிருக்கும் வேளையிலேயே, 'எனக்குப் போதும்' என்று சொல்லி எழுந்து போய்விட்டான் என்ற செய்தி கேட்கும்போதெல்லாம், அதற்குக் காரணம் கற்பிப்பதில் உலகத்தார் காட்டும் உற்சாகம், அவன் வாசித்த நாளில் அவனுடைய வாசிப்பைக் கேட்பதில் காட்டிய உற்சாகத்தினும் பெரிதாகவே இருக்கிறது. கர்வம் என்பார் சிலர். போதை என்பார் சிலர். சகபாடியோடு சச்சரவு என்று சத்தியம் செய்வாரும் உண்டு. ஆனால் கண்டிக்கு வடகிழக்கே, வத்துகாமத்தைக் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி வளைந்து ஏறும் வீதியில் அமைந்திருக்கும் பன்வில என்னும் இச்சிற்றூரிலிருந்து நோக்குவோனுக்கு, இந்தக் கேள்வி லண்டன் மாநகரத்துக்கு மாத்திரம் உரியதென்று தோன்றாது. கிட்டார் என்ற வாத்தியம் இம்மலைகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, பிரசித்தி பெற்ற வாத்தியக் குழுவை விட்டு ஒருவன் போகலாமா, போவதானால் யாருடைய அனுமதியோடு போவது என்ற விவகாரம் இங்கே சட்டமாகவும் சம்பிரதாயமாகவும் பேசப்பட்டிருக்கிறது.

முதலில் கண்டியை எடுத்துக்கொள்வோம். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்தபோது, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த எசல பெரஹராவின் முன்னணியில் புத்தரின் தந்ததாதுவின் ஊர்வலமும் சேர்க்கப்பட்டது என்பது மரபு. இந்த மகா ஊர்வலத்தில் கெட்ட பெரய, தவுல, தம்மெட்டம ஆகிய மேளங்களைக் கொட்டியவர்கள், இன்றைய குழுக்காரர்களைப் போல ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு வந்தவர்கள் அல்லர். விகாரைக்கும் தேவாலயத்துக்கும் சொந்தமான நிலத்தில் ஒரு பங்கைப் பரம்பரையாக அனுபவித்து, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட நாள்களில் வந்து மேளம் கொட்டும் கடமையைப் பிறப்பினாலேயே ஏற்றவர்கள் அவர்கள். பெரவ என்னும் சாதிக்கு உரியதாக அந்தத் தொழில் வகுக்கப்பட்டிருந்தது. நாட்டிலேயே மிகப் பெரிய மேளக் குழு அது. அதில் இடம் பெற்றவனுக்கோ சமூகத்தின் அடிவரிசையில்தான் இடம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் கைகூப்பி நிற்கும் வீதியின் நடுவே தன் வித்தையை முழக்கிச் செல்பவன், அவ்வீதியின் ஓரத்து வீடுகளில் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதற்கு வேறு கணக்கு இருந்தது.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் அரசாங்கத்துக்குச் செய்யும் இராஜகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கோயில் நிலங்களைச் சார்ந்த ஊழியம் தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டின் நான்காம் இலக்கச் சட்டமாக ஊழிய நிலச் சட்டம் வந்த பிறகுதான், ஊழியம் செய்ய விரும்பாத பங்காளன் அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பணமாகச் செலுத்தலாம் என்ற வழி திறந்தது. சட்டப் புத்தகத்தில் நிலவரி சம்பந்தமான உலர்ந்த விஷயமாகத் தோன்றும் இது, என் அபிப்பிராயத்தில், இத்தீவின் சங்கீத சரித்திரத்திலும் எழுதப்பட வேண்டியதாகும்; ஏனெனில் வாத்தியக்காரன் ஒருவன், நிலத்தை இழக்காமல், குழுவை விட்டு நீங்குவதற்குரிய விலை முதன்முதலாக அப்போதுதான் நிர்ணயமாயிற்று.

கோயில் நிலம் இருக்கட்டும். பன்வில, மடுல்கலை, கெலபொக்க முதலிய பகுதிகளில் காடு அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைப் பாதையால் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர், தம் மூட்டையோடு தப்பு என்னும் மேளத்தையும் கொண்டுவந்தார்கள். கோப்பி இலையில் 1869இல் நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் மடிந்து தேயிலை அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. தப்பு மாத்திரம் மாறவில்லை. தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி, மெல்லிய நீண்ட குச்சி ஒன்றும் தடித்த குட்டைக் குச்சி ஒன்றுமாக அடிக்கப்படும் அவ்வாத்தியம், தோட்டத்து வாழ்க்கையின் எல்லா வேளைகளுக்கும் உரியதாக இருந்தது. விடியற்காலை இருட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்களை எழுப்பி, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் அதுவே. மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முன்னே சென்றதும் அதுவே. சாவு வீட்டில் இரவு முழுவதும் ஒலித்ததும் அதுவே. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் காவியம் பாட முற்பட்டபோது இந்தத் தப்பின் ஒலியையே பிடித்துக்கொண்டார் என்பதை வாசித்தோர் அறிவர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்து இருக்கிறது. ரதியும் மன்மதனும் ஆடுவதும், சிவனுடைய தவம் கலைவதும், வீரபத்திரன் வந்து இறங்குவதும், கடைசியில் காமன் எரிவதும் பல இரவுகளாக நிகழும் அக்கூத்தில், வேஷக்காரன் எத்தனை சமர்த்தனாயினும் தப்புக்காரன் கையசைக்காமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. வேஷம் தரிப்பவனுடைய கால், தப்பின் தாளத்தைத் தொடர்ந்து போகிறதா, அல்லது தப்புத்தான் காலைத் தொடர்கிறதா என்று கூத்து வாத்தியாரையே கேட்டால், அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். இத்தனை பெரிய வித்துவத்தைக் கையில் வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது என்ன? கொஞ்சம் அரிசி, கொஞ்சம் காசு, சாராயம். அத்துடன், அவன் இந்தக் குடும்பத்தில் பிறந்தவன், ஆகையால் சாவு விழுந்தால் அவன் வந்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம்.

தப்புக்காரனுக்கு மாத்திரமல்ல, தோட்டத்து ஆள் எவனுக்கும் விலகுதல் எளிதான காரியமாக இருக்கவில்லை. கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கச் சம்மதம் என்று எழுதிய துண்டு இல்லாமல், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவன் போக முடியாது. புதிய தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால், கடன் இடம் மாறும், கடன்காரனும் மாறுவான், ஆள் அதே ஆள். 1921ஆம் ஆண்டில் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, இம்மலைச் சரிவுகளில் கூத்தாடிய குழுக்களின் ஒற்றுமைக்குக் கலையுணர்ச்சி ஒரு பங்கு காரணமென்றால், கடன் சீட்டு இன்னொரு பங்கு காரணம். பின்னர் வந்த பிரிவு மாறான காரணத்தால் வந்தது: 1964இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இந்நாட்டுப் பிரஜாவுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. வாத்தியாருக்கு ஒரு நாடும் தப்புக்காரனுக்கு வேறு நாடும் விதிக்கப்பட்டால், அந்தக் கூத்துக் குழு என்ன செய்யும்? தலைமன்னாரில் கப்பலேறியவன் விலகினான் என்று சொல்வதற்கில்லை, விலக்கப்பட்டான்.

இதே காலத்தில்தான் கிட்டார் மலைநாட்டின் காதில் விழத் தொடங்கியது. லொஸ் கபலேரோஸ், லா சிலோனியன்ஸ் என்று ஸ்பானிய வாசனை வீசும் பெயர்களைச் சூடிக்கொண்டு கலிப்ஸோ பாடிய குழுக்களின் பாட்டுகளை லயத்து வானொலிப் பெட்டிகளும் பாடின. சில ஆண்டுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சிங்களப் பாட்டுக்கு மின்கிட்டாரை நிலையான துணையாக ஆக்கியவர் என்று யாவரும் ஒப்புக்கொள்ளும் கிளாரன்ஸ் விஜேவர்தன, 1943இல் நம் மலைநாட்டு அப்புத்தளையில் பிறந்தவர். அன்ஸ்லி மாலேவனவோடு சேர்ந்து இரத்தினபுரியில் மூன்ஸ்டோன்ஸ் என்னும் குழுவை 1960களின் நடுப்பகுதியில் தொடங்கி, வானொலியின் மூலம் நாடறிந்த பெயராக அதை வளர்த்தபின், எழுபதுகள் பிறக்கும் சமயத்தில் அதை விட்டு விலகிக் கோல்டன் சைம்ஸ் என்ற வேறொரு குழுவை அமைத்தார். வெறுமனே தந்தி மீட்டும் ஆளாக அவரை எண்ணுவோர்க்கு இது வியப்பாகலாம். அவரோ மெட்டமைப்பவர், பாட்டின் சொற்களையும் தாமே எழுதியவர். அத்தகைய ஒருவருக்குக் குழு என்பது குடியிருக்கும் வீடு அன்று, ஒரு வேலைக்காகக் கட்டிய பட்டறை. வேலை மாறினால் பட்டறையும் மாறும் என்று நான் கருதுகிறேன்.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1969 ஜனவரியில் ஒத்திகையின் நடுவே எழுந்து போய், சில நாள் கழித்துத் திரும்பி வந்ததும், மறு ஆண்டு அக்குழு கலைந்தவுடன், அங்கே இடம் கிடைக்காது சேர்ந்திருந்த பாடல்களையும் கொண்டு மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டதும் இதற்குச் சாட்சி. இருபது வயதில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்து, 1974 டிசம்பரில் விலகிய மிக் டெய்லருக்கோ, தாம் உருவாக்க உதவிய பாட்டுகள் ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்ற இரு பெயர்களில் மாத்திரம் வெளிவந்ததில் மனக்குறை இருந்தது. யார்ட்பேர்ட்ஸ் குழு 1965இல் ஜனரஞ்சகமான பாட்டொன்றின் பக்கம் சாய்ந்தபோது, புளூஸ் சங்கீதமே தம் வழி என்று எரிக் கிளாப்டன் எழுந்து போனார். பணத்தால் விலகினவர்களை விட, கணக்கில் சேராத உழைப்பால் விலகினவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசித்த மணி கணக்கில் வருகிறது, கற்பனை செய்த மணி வருவதில்லை.

குழு மாத்திரமல்ல, ஸ்தாபனமும் இப்படித் துறக்கப்படுவதுண்டு. 1952இல் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிப்பதற்கு லக்னோவிலிருந்து பண்டிதர் ரதன்ஜன்கர் வரவழைக்கப்பட்டபோது, அப்பண்டிதருக்குரிய பாத்கண்டே மரபிலேயே பயின்று பட்டம் பெற்ற பாடகரான சுனில் சாந்த, இந்த அளவுகோலால் அளக்கப்படச் சம்மதியேன் என்று தேர்வுக்கு வர மறுத்துவிட்டார். நாட்டில் அவருடைய குரல் எட்டாத மூலை இல்லாதிருந்த காலம் அது. வானொலிக் கதவு அவருக்கு அடைபட்டது. தோற்றுப்போவோம் என்ற அச்சத்தால் அவர் மறுத்தார் என்று எவரும் சொல்லத் துணியார்.

கிளாரன்ஸும் அன்ஸ்லி மாலேவனவும் பிற்பாடு சூப்பர் கோல்டன் சைம்ஸில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். மிக் டெய்லரும், ரோலிங் ஸ்டோன்ஸின் ஐம்பதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் விருந்தாளியாக வந்து சில பாட்டுகளுக்கு வாசித்துவிட்டுப் போனார். விலகியவன் விருந்தாளியாகத் திரும்பி வரக்கூடிய உலகம் அது. தப்பின் உலகத்தில் அவ்விதம் நடப்பதற்கு வெகுநாள் பிடித்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், தகப்பன் கையிலிருந்த குச்சியைத் தொட மறுத்ததை ஊரார் நன்றிகெட்ட செயல் என்றார்கள். அதைக் கலையின் வீழ்ச்சியென்று எழுதிய அன்பர்களும் உண்டு. சாவு வீட்டு முற்றத்தில் மழையில் நின்று அடித்துவிட்டு, உள்ளே அழைக்கப்படாமலே திரும்பி நடந்தவனுடைய மகன் எடுத்த முடிவு, எரிக் கிளாப்டனின் முடிவைவிடத் தாழ்ந்த காரணத்தால் எடுக்கப்பட்டது என்று என்னால் சொல்ல இயலாது.

இப்போது மலையகத்து இளைஞர்களும் பெண்களும் மேடையில் தப்படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துப் பையன் விருப்பத்தால் அதைப் பழகுகிறான். கொழும்பில் உத்தியோகம் கிடைத்தால் மறுநாளே விட்டுவிடுகிறான். அவனை யாரும் தேடி வருவதில்லை. ஆனால் சில தோட்டங்களில், சாவு விழுந்தால் ஆள் போவது இன்னும் அதே பழைய வீட்டுக்குத்தான். அந்த வீட்டுப் பையன் கண்டியில் புடைவைக்கடையில் வேலை பார்க்கிறான், ஞாயிறன்று ஊருக்கு வந்திருந்தாலும், தகப்பனுக்குத்தான் சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுகிறான்.