பின் டயரை மட்டும் அகலமாக்கலாமா? அதே ரிம்மில் போட்டால் என்ன ஆகும்?

பின்னாடி இருந்து பார்த்தால் கார் கெத்தா இருக்கணும், ரோட்டில் பிடிப்பும் கூடணும். பின் டயரை மட்டும் அகலமாக்க நினைப்பவர்கள் சொல்லும் காரணம் இதுதான். புது அலாய் வீல் வாங்கினால் செலவு எகிறும். அதனால் இருக்கிற ரிம்மிலேயே ஒரு சைஸ் கூட்டிப் போடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். டயர் ஏறிவிடும், அதில் சிக்கல் இல்லை. நாங்குநேரி பக்கம் நான்கு வழிச்சாலையில், ஐப்பசி மழையில் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

நம்பரை எப்படிப் படிப்பது?

ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் ஜிடி காரில் வரும் டயர் 205/55 ஆர்16. அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் விட்டம் 16 இன்ச். மொத்த உயரம் சுமார் 632 மி.மீ. இதற்குப் பதில் 225/50 ஆர்16 போட்டால் 631 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் 225/55 என்று மாறிப்போனால் 654 மி.மீ. ஆகிவிடும். பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றும். ஏபிஎஸ், நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டு வேலை செய்வது. அதைக் குழப்பக் கூடாது.

அடுத்து ரிம் அகலம். 225/50 ஆர்16 டயருக்கு 6 முதல் 8 இன்ச் வரை அனுமதி உண்டு. அளவெடுக்கும் ரிம் 7 இன்ச். உங்கள் ரிம்மில் '6ஜே' என்று பொறித்திருந்தால் அது கடைசி எல்லை. ரிம் அரை இன்ச் குறைந்தால் டயர் அகலம் சுமார் 5 மி.மீ. சுருங்கும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி இப்படியே போய்விடும்! பக்கச்சுவரும் பிதுங்கும், வளைவில் டயர் ரிம் மேல் ஆடும்.

1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000 காரில் இதே 205/55, 225/50 ஜோடிதான் முன்னும் பின்னும் இருந்தது. ஆனால் ஹோண்டா பின்பக்கத்துக்குத் தனியாக 7.5 இன்ச் ரிம் கொடுத்தது, முன்பக்கம் 6.5 இன்ச். அது பின் சக்கரம் இழுக்கும் கார். விர்டுஸை இழுப்பது முன் சக்கரம். அதில் பின் டயரை அகலமாக்கினால் பிக்அப் கூடாது. வளைவில் முன்பக்கம்தான் முதலில் பிடி விடும்.

வயலுக்கு நல்லது, மழை ரோட்டுக்கு?

கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள ஏடிசி ஆலையில் விவசாய வண்டிகளுக்கான டயர்கள் தயாராகின்றன. டிராக்டர் டயர் ஏன் அவ்வளவு அகலம்? எடை பரவினால் சேற்றில் புதையாது, மேலே மிதக்கும். தாமிரபரணிப் பாசன வயலில் அது வரம். தண்ணீர் தேங்கிய தார்ச்சாலையில் அந்த மிதப்புதான் ஆபத்து.

முன் டயர் தண்ணீரை விலக்கி வழி போட, பின் டயர் அதே தடத்தில் உருளும். பின் டயர் அகலமானால் அதன் ஓரம் விலகாத தண்ணீரில் ஓடும். டயர் தண்ணீர் மேல் மிதப்பது காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று 1960-களில் நாசா கண்டறிந்தது. அந்தச் சூத்திரப்படி 32 பிஎஸ்ஐ காற்றில், பள்ளங்கள் வெளியேற்ற முடியாத அளவு நீர் இருந்தால், சுமார் 94 கி.மீ. வேகத்தில் பிடி போய்விடும். நான்கு வழிச்சாலையில் சாதாரணமாகப் போகிற வேகம் அது. பின்பக்கம் முதலில் மிதந்தால் கார் சுழலும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழையில் வண்டியை எடுக்காமல் இருப்பதுதான் சரி. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே டயர் பள்ளம் முக்கியம். சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. இருக்க வேண்டும்.

மாற்றியே தீருவேன் என்றால்?

பழைய டயரில் '91வி' என்றிருந்தால் அது 615 கிலோ சுமை, 240 கி.மீ. வேகத்துக்கானது. புதியது அதற்குக் குறையக் கூடாது. டயர் உள்பக்கம் ஸ்பிரிங்கில் உரசுகிறதா என்று ஆள் ஏற்றிப் பாருங்கள், காலி வண்டியில் தெரியாது. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுவதும் இனி முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டயர் கடைக்குப் போகும் முன் டிரைவர் கதவு ஓரத்தில் அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் வண்டியோடு வந்த புத்தகத்தையும் பாருங்கள். அனுமதித்த சைஸும் காற்றழுத்தமும் அங்கே இருக்கும்.