அவையச்சம் தணிந்த வரலாறு

திருக்குறளின் 73ஆம் அதிகாரம் 'அவை அஞ்சாமை'. கற்றவரும் கூட்டத்தின் முன் நாவிழப்பர் என்பதை வள்ளுவர் நன்கறிந்திருந்தார். கவியரங்கில் முதன்முறை ஏறிய கவிஞர்களுக்கும் இது புதிதன்று. அவ்வச்சம் எவ்வாறு தணிகிறது என்பதற்குத் தெளிவான வரலாற்றுச் சான்றாகக் காந்தியடிகளின் இளமைக்காலம் விளங்குகிறது. தம் தோல்விகளை அவரே ஒளிவுமறைவின்றித் தன்வரலாற்றில் எழுதி வைத்துள்ளார்.

1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற அவர், அங்கிருந்த மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். கூட்டந்தோறும் வருவார், வாய் திறவார். ஒரு கருத்து வேற்றுமையின்போது தம் எண்ணத்தை எழுதிக்கொண்டு சென்றும், அதைப் படிக்கத் துணிவின்றிப் பிறர் படிக்கக் கேட்டிருந்தார். வெண்ட்னர் என்னும் ஊரில் ஒரு தாள் அளவே இருந்த உரையைப் படிக்க எழுந்தபோது கண் மங்கிற்று, உடல் நடுங்கிற்று, உடன்வந்த நண்பர் அதைப் படித்து முடித்தார். 1891இல் தாமே அளித்த பிரிவு விருந்தில், நகைச்சுவையோடு தொடங்க எண்ணியிருந்த பேச்சு அடியோடு மறந்துபோக, ஒரு வரியில் நன்றி கூறி அமர்ந்தார்.

தாயகம் திரும்பிய பின்னரும் நிலை மாறவில்லை. பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் 30 ரூபாய்க் கட்டணத்திற்கு ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுழன்றது. ஒரு வினாவும் கேளாமல் அமர்ந்து, வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் புகைவண்டி நிலையத்தில் இறக்கிவிடப்பட்ட அந்தக் குளிரிரவே அவரை மாற்றிற்று என்பர். ஓரிரவில் மனிதன் மாறுவது கதைக்கு அழகு. அவ்விரவு அவருக்கு உறுதியைத் தந்திருக்கலாம். நாவைத் தந்தது பிரிட்டோரியாவில் ஒரு வணிகர் இல்லத்தில் கூடிய சிறு கூட்டமே. வணிகத்தில் வாய்மை என்னும் பொருளை முன்னரே ஆயத்தம் செய்துகொண்டு அங்கே பேசினார். தம் முதற் பொதுப்பேச்சென அவர் குறிப்பது இதனைத்தான். கேட்டவர்கள் தம் நாட்டவர்; அவர்தம் இடுக்கண் அவருடையதும் ஆயிற்று. பின்னர் அக்கூட்டங்கள் ஏறத்தாழ ஒழுங்காகவே நடைபெற்றன. விரைவில் அந்நகரில் அவர் அறியாத இந்தியர் இல்லை என்னும் நிலை வந்தது. அறிந்த முகங்களின் முன் மீண்டும் மீண்டும் பேசியதே பயிற்சியாயிற்று.

இதனை அவர் ஒரு முறையாக வகுத்துக் கொண்டாரல்லர். முறையாக வகுத்தவர்கள் பின்வந்தோர். 1924இல் அமெரிக்க உளவியலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் உண்ணும் வேளையில், முயற்கூண்டைச் சிறிது சிறிதாக அருகே நகர்த்தி அச்சம் போக்கியதைப் பதிவு செய்தார். அச்சந்தரும் சூழல்களைப் படிவரிசையாக்கி, எளியதிலிருந்து அரியதற்கு ஏற்றிச் செல்லும் மருத்துவத்தை 1958இல் நூலாக்கிய ஜோசப் வோல்ப், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்பது சுவையான பொருத்தம்.

படியேற்றத்தில் சறுக்கலும் உண்டு. 1896 செப்டம்பரில் பம்பாய்ப் பெருங்கூட்டத்தில் எழுதிய உரையைப் படித்தபோது அடிகளின் உடல் மீண்டும் நடுங்கிற்று. 'இன்னும் உரக்க' என்று பிரோஸ்ஷா மேத்தா ஊக்க ஊக்கக் குரல் மேலும் தாழ்ந்தது. இறுதியில் அவ்வுரையை வாச்சா படித்தார். அஞ்சுவோரை அவ்வாறு உந்துவதால் பயனில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அடுத்த மாதமே, அக்டோபர் 26 அன்று, சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். முன்னரே அச்சிட்ட உரை. அவர் அளவில் நீண்டதுங்கூட. நேட்டாலில் முதலாளியால் அடித்துக் குருதி சிந்தச் செய்யப்பட்ட தமிழ் ஒப்பந்தக் கூலி பாலசுந்தரத்தின் செய்தியால் சென்னை மக்கள் உள்ளம் ஏற்கெனவே கனிந்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கூட்டம் செவிமடுத்தது. முடிவில் அவருடைய பச்சை அட்டை நூலுக்குப் பெரும் போட்டி எழுந்தது. பம்பாயில் இழந்த குரலை அவருக்கு மீட்டளித்ததில் தமிழ்ச் செவிகளுக்கும் பங்குண்டு.

ஆயினும் 1901 கல்கத்தா காங்கிரசில் நடுக்கத்தோடுதான் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். கூச்சம் முற்றும் நீங்கியதே இல்லை என்பது அவர்தம் வாக்குமூலம். 1906 செப்டம்பர் 11 அன்று, ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடக அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர் முன்னிலையில், சூளுரை ஏற்பதன் பொறுப்பை அவரே நெடுநேரம் விளக்கினார். கேட்டோர் எழுந்து நின்று கையுயர்த்திச் சூளுரைத்தனர்.