திரை மாறினும் மாறாத சொல்

மேசைக் கணினியில் நாள்தோறும் செய்யும் வேலையை ஒரு சிறு நிரலிடம் ஒப்படைப்பதாயின், அந்நிரல் எதனை நம்பி நடப்பது? கண்ணுக்குத் தெரியும் திரையையா, மென்பொருளை ஆக்கியோர் அளித்த வாக்கையா? மக்கின்டோஷ் கணினியின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகின்றது.

1984ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்டோஷ், கட்டளைகளைத் தட்டெழுதும் வழக்கத்தை விடுத்து, சுட்டியால் படங்களை அழுத்தி வேலைகொள்ளும் முறையைப் பரப்பிற்று. மனிதருக்கு அஃது எளிமை, நிரலுக்கோ இடர்ப்பாடு. தட்டெழுதும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து மீண்டும் நடத்தலாம். கையின் அசைவை எங்ஙனம் எழுதிவைப்பது? அசைவுகளைப் பதிந்து, அதே இடத்தில் மீண்டும் அழுத்தும் கருவிகள் தோன்றின. ஆயின் பொத்தான் சற்று இடம்பெயர்ந்தாலும் அவை வெற்றிடத்தையே அழுத்தும்.

அப்பிள் கம்பனி வேறு வழி கண்டது. 1991இல் வந்த சிஸ்டம் 7, ஒரு மென்பொருள் மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும் முறையை அமைத்தது. 1993இல் அப்பிள்ஸ்கிரிப்ட் என்னும் மொழி அதன்மேல் எழுந்தது. இதற்கு இசைந்த மென்பொருள் ஒவ்வொன்றும், தனக்கு விளங்கும் பெயர்களையும் வினைகளையும் அகராதியாக வெளியிட்டது. நிரல் எழுதுவோர் பொத்தானைத் தேடவேண்டியதில்லை. அகராதிச் சொல்லைச் சொன்னாற் போதும். குவார்க் எக்ஸ்பிரஸ் கொண்டு பக்கம் அமைத்த பதிப்பகங்கள் பல இதனாற் பெரும்பயன் அடைந்தன.

அதன்பின் 1994இலும் 2006இலும் 2020இலும் மக்கின்டோஷின் செயலி மாறிற்று. 2001இல் இயங்குதளமே புதிதாயிற்று. அப்பிள்ஸ்கிரிப்ட் இவையனைத்தையும் கடந்து வாழ்கின்றது.

அகராதி இல்லாத மென்பொருள்களுக்காக, திரையிலுள்ள பொத்தான்களையே நிரலால் அழுத்தும் வழியும் பின்னர் சேர்க்கப்பட்டது. 2022இல் வெஞ்சுரா பதிப்பு வந்தபோது, கணினியின் அமைப்புகளை மாற்றும் பகுதி பெயரும் தோற்றமும் மாறிற்று. அதன் பொத்தான்களை நம்பிய பழைய நிரல்கள் தவறின.

அகராதிக்கும் எல்லை உண்டு. குவார்க்கை விட்டு இன்டிசைனுக்குச் சென்றோர் தம் நிரல்களைத் திருத்தி எழுத நேர்ந்தது; ஏனெனில் ஒருவர் அகராதி மற்றவரைக் கட்டுப்படுத்தாது. 2018 முதல், ஒரு மென்பொருள் இன்னொன்றை ஏவுவதற்குப் பயனரின் அனுமதியும் வேண்டியதாயிற்று. திறந்த கதவு திருடனுக்கும் வழிவிடுமன்றோ!

ஆகவே, கருவி செய்வோர் முதலில் வெளியிடப்பட்ட சொல்லைத் தேடுக; அது கிடையாதவிடத்து மட்டும் பொத்தானை நாடுக. தோற்றம் புதுமையை விரும்பி மாறும். பலர் அறியக் கொடுத்த சொல்லையோ, கொடுத்தவர் எளிதில் மாற்றத் துணியார்.