சூளைக்குப் போன ஊசி

2002இல் கென்யா ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டது. அதற்கு வந்த சிரிஞ்சு ஒரே ஒரு முறைக்கு உரியது. மருந்தை ஏற்றி முடித்ததும் தண்டு பூட்டிக்கொள்ளும். திரும்ப இழுத்தால் வராது. இந்தப் பூட்டுக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

பிள்ளையின் கையில் சிரிஞ்சுக்கு ஓரிரு நொடிதான் வேலை. அடுத்து, மூடி மாட்டாமல், ஊசியோடு அட்டைப்பெட்டிக்குள் விழும். ஐந்து லிட்டர் பெட்டி ஒன்று ஏறத்தாழ 100 சிரிஞ்சு கொள்ளும். கோடி சிரிஞ்சு என்றால் லட்சம் பெட்டி! அத்தனையையும் எங்கே கொண்டுபோவது?

அதற்காகவே அந்த ஆண்டு கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு எரிசூளைகளைக் கட்டினார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிக்கன் வடிவமைத்த சூளை அது. தீச்செங்கல், இரும்புக் கதவு, கம்பித்தட்டு, உயரமான புகைபோக்கி, அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம். உள்ளூர்க் கொத்தனாரும் வெல்டரும் சேர்ந்தால் கட்டிவிடலாம். முதல் அறையில் குப்பை எரியும். அதன் புகை இரண்டாம் அறைக்குள் புகுந்து மறுபடி எரியும்.

ஏழை நாட்டுக்கு ஏற்ற நல்ல யோசனைதான். ஆனால் விறகு போட்டு முதலில் நன்றாகச் சூடேற்ற வேண்டும். இரண்டாம் அறை 800 டிகிரியை எட்டாத நிலையில் பெட்டியைத் திணித்தால் கரும்புகைதான் வரும். சிரிஞ்சின் பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது. ஆனால் கூடவே குளோரின் உள்ள பிவிசி குழாய்களும் ரத்தப் பைகளும் உள்ளே போனால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும். பிரித்துப் போடுவதும் சூடு பார்ப்பதும் சூளை வாசலில் நிற்கும் ஒருவர் பொறுப்பு. பிறகு செய்த ஆய்வுகளில் வெளிப்பட்டதோ பயிற்சி பெறாத ஆட்களும், உடைந்த கதவுகளும், துருப்பிடித்த புகைபோக்கிகளும்.

சிரிஞ்சு உருகி எரிந்தாலும் எஃகு ஊசி அழியாது. சாம்பலோடு கீழே விழும். அதை அள்ளிக் குழியில் கொட்டுபவருக்குத் தடித்த கையுறை இல்லையென்றால், பிள்ளைகளைக் காத்த ஊசி அவர் கையைக் கிழிக்கும்.

எரிக்காமலும் முடிக்கலாம். குப்பை எரிப்பதை 1999இலேயே சட்டத்தால் தடுத்த பிலிப்பைன்ஸ், 2004இல் சுமார் 1.8 கோடிக் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டபோது கழிவை நீராவியில் கிருமி நீக்கியும் கான்கிரீட் குழிகளில் புதைத்தும் தீர்த்தது. அந்த வசதி வராத கிராமத்தில், பிள்ளைகள் விளையாடும் திறந்த குப்பைமேட்டைவிட ஒழுங்காக எரியும் சூளை மேல் என்பதே என் முடிவு. ஒழுங்காக எரிய வேண்டும், அதுதான் பேச்சு. தடுப்பூசிக்கு நிதி ஒதுக்குவோர் மருந்து விலைக்குப் பக்கத்திலேயே விறகு, கையுறை, பழுதுபார்க்கும் செலவு, சூளைக்காரரின் பயிற்சி, அவர் கூலி எல்லாவற்றையும் எழுதட்டும்.