மனிதக் குருதியில் கிளையுரு உயிரணுக்கள்: ஒரு வகைப்பாட்டின் வரலாறு

மனிதக் குருதியில் உலவும் வெள்ளையணுக்களுள் மிக அரியவை கிளையுரு உயிரணுக்கள். உடலுள் நுழைந்த கிருமியின் கூறுகளைப் பற்றி, நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு சென்று, எதனை எதிர்க்க வேண்டும் என்று டி உயிரணுக்களுக்குக் காட்டுவதே அவற்றின் தலையாய பணி. அவற்றுள் எத்தனை வகைகள் உள்ளன எனும் வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டுள்ளன. விடைகள் ஏன் மாறின என்பதனை இவ்வுரையில் நாம் ஆராய்வோம்.

1868ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ், மனிதத் தோலைத் தங்கக் குளோரைடால் சாயமூட்டி நுண்ணோக்கியில் கண்டார். கிளை பரப்பிய உயிரணுக்கள் தென்பட்டன. உருவம் நரம்பணுவை ஒத்திருந்தமையால் அவை நரம்பு மண்டலத்தைச் சார்ந்தவை என்று அவர் கருதினார். அவை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் என்பது தெளிவாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1973ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் ஆகிய இருவரும் சுண்டெலியின் மண்ணீரலில் புதியதோர் உயிரணுவைக் கண்டறிந்தனர். மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே அதற்குப் பெயர் சூட்டினர். 'கிளையுரு' என்று நாம் வழங்குவதும் அப்பொருளில்தான். டி உயிரணுக்களைத் தூண்டுவதில் அது பேராற்றல் உடையது என்பதனை 1978ஆம் ஆண்டில் ஸ்டைன்மனும் மார்கரெட் விட்மரும் நிறுவினர்.

1982ஆம் ஆண்டில் மனிதக் குருதியிலிருந்தும் இவ்வுயிரணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. நூறு வெள்ளையணுக்களுள் ஒன்று என்னும் அளவினும் அவை குறைவு. மேலும், குருதியிலிருந்து அப்போதே எடுத்த நிலையில் அவற்றிற் பெரும்பாலானவை கிளை விரித்துக் காட்டுவதில்லை. வளர்ப்பு ஊடகத்தில் சில காலம் இருந்த பின்னரே கிளைகள் தோன்றும். ஆகவே உருவத்தைக் கொண்டு குருதியில் அவற்றை வகைப்படுத்த இயலவில்லை.

உருவம் கைவிட்ட இடத்தில் மேற்பரப்புப் புரதங்கள் துணை நின்றன. குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஒளிரும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு உயிரணுக்களை ஒவ்வொன்றாக இனங்காணும் முறை பரவியது. 1958ஆம் ஆண்டிலேயே கார்ல் லென்னெர்ட் நிணநீர்க் கணுக்களில் பிளாஸ்மா அணுவை ஒத்த ஓர் உயிரணுவை விவரித்திருந்தார். நச்சுயிரி தாக்குங்கால் இன்டர்ஃபெரானை மிகுதியாகச் சுரப்பது அதுவே என 1999ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, குருதியில் மூவகைகளைப் பிரித்துக் காட்டியது: சிடி1சி புரதம் உடையது, சிடி141 புரதம் உடையது, மேற்கூறிய பிளாஸ்மா உருவினது. இம்மூன்றையும் 2010ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பெயரிடல் முறையும் ஏற்றுக்கொண்டது.

எனினும் வகைப்பாடு நிலைபெறவில்லை. 2017ஆம் ஆண்டில், தனியொரு உயிரணுவில் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படிக்கும் நுட்பத்தால், அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று ஆறு வகைகளை முன்வைத்தது. அவற்றுள் ஒன்றைப் பின்வந்தோர் கிளையுரு இனத்தினின்று நீக்கி, மோனோசைட்டுகளோடு சேர்த்தனர். அதே ஆண்டில், சிங்கப்பூர் நோயெதிர்ப்பியல் கட்டமைப்பில் ஃபுளோரன்ட் ஜின்ஹூ தலைமையிலான குழு, குருதியில் உலவும் முன்னோடி உயிரணுக்களை இனங்கண்டது. அவை பிளாஸ்மா உருவ வகையோடு சில புரதங்களைப் பகிர்ந்துகொள்வதால், முன்பு அவ்வகையோடு கலந்தே பிரித்தெடுக்கப்பட்டிருந்தன. டி உயிரணுக்களைத் தூண்டும் ஆற்றலென அவ்வகைக்கு ஏற்றியுரைக்கப்பட்டதன் பெரும்பகுதி உண்மையில் உடன் கலந்திருந்தவற்றின் ஆற்றலே என்பது புலனாயிற்று.

இது பெயரளவிலான சிக்கல் அன்று. புற்றுநோய்க்கு எதிராக இவ்வுயிரணுக்களைப் பயன்படுத்த முனையும் மருத்துவர், எவ்வகை எப்பணியைச் செய்யும் என்று திட்டமாக அறிந்திருத்தல் வேண்டும். கலவையை ஒரே வகை என்று கொண்டால், பயனையும் பயனின்மையையும் தவறான காரணத்தோடு இணைக்க நேரும். கணையப் புற்றுநோயுற்ற ஸ்டைன்மன், தாம் கண்டறிந்த உயிரணுவை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையையே தமக்கும் மேற்கொண்டார். 2011 செப்டம்பர் 30ஆம் நாள் அவர் மறைந்தார். மூன்று நாள் கழித்து, மறைவை அறியாமலே நோபெல் குழு அவருக்குப் பரிசை அறிவித்தது. அறிந்த பின்னும் அப்பரிசு நிலைநிறுத்தப்பட்டது.

இவ்வரலாறு கலைச்சொல் ஆக்குவோர்க்கும் ஒரு செய்தியை உணர்த்துகின்றது. லாங்கர்ஹான்ஸ் உருவத்தை நோக்கினார். அடுத்த தலைமுறை புரதத்தை நோக்கியது. இன்றோ உயிரணுவின் பிறப்பு வழியே வகைப்பாட்டிற்கு அடிப்படையாகி வருகின்றது. ஜின்ஹூ உள்ளிட்டோர் 2014ஆம் ஆண்டில் முன்மொழிந்த பெயர்முறை இதனை வலியுறுத்துகின்றது. 'கிளையுரு' எனும் சொல்லை இனப்பெயராக நாம் போற்றிக்கொள்ளலாம். உள்வகைகளுக்கோ, புதிய கண்டுபிடிப்பு வருங்கால் பொய்யாகிவிடும் உருவப் பெயர்களைத் தவிர்த்து, முதலாம் வகை, இரண்டாம் வகை என எண்ணிட்டு வழங்குதலே தகும்.