எஸ்டேட்

மாரமங்கலம் பாதையில் எதிர்ப்படுகிறவர்களை, "எங்கே பயணம்?" என்று கேட்டுப் பாருங்கள். "எஸ்டேட்டுக்கு" என்பார்கள். கூடை சுமக்கும் பெண்ணும் அதையே சொல்வாள். காரில் போகும் முதலாளியும் அதையே சொல்வார். அவளுக்கு அது கூலி, அவருக்குச் சொத்து.

நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. முதலில் மனிதனுடைய நிலை, அந்தஸ்து என்பதே பொருள். குருமார், பிரபுக்கள், பொதுஜனங்கள் என்று மூன்று எஸ்டேட்டுகள் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் நான்காவதாம். அதில் எனக்கும் ஒரு மூலை உண்டு, மகசூல்தான் சொற்பம்!

அந்தஸ்துக்கு ஆதாரம் நிலம். ஆகவே நிலத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சென்னை ராஜதானியின் 1908-ஆம் வருஷச் சட்டத்தில் எஸ்டேட் என்றால் ஜமீனும் இனாமும். 1948-இல் வந்த சட்டம் அந்த எஸ்டேட்டுகளை ஒழித்தது. செத்தவர் விட்டுப்போன ஆஸ்தியும் எஸ்டேட்தான். அதற்கு 1953-இல் வரி போட்டு, 1985-இல் எடுத்தார்கள்.

சேர்வராயன் மலையில் இந்தச் சொல் காப்பியோடு முளைத்தது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிச் செடி வைத்தார். பின்னால் துரைமார்கள் வந்தார்கள், வேலி வந்தது. ஜமீன் போன பிறகும் காப்பி எஸ்டேட் நின்றது.

அதற்கு முன்பே இங்கே மலையாளிகள் இருந்தார்கள். கேரளத்தார் அல்ல, காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மலைக்குடிகள். தங்கள் ஊர்த் தொகுதியை அவர்கள் 'நாடு' என்பார்கள்.

ஒரு கிழவரிடம் அவருடைய பாட்டன் உழுத பூமி எங்கே என்று விசாரித்தேன்.

"அதுங்களா? எஸ்டேட்டுக்குள்ளே இருக்குதுங்க" என்றார்.