இஷ்பீலியாவின் வண்ண இருக்கைகள்

ஸ்பெயினின் செவில் நகரை அரபு வரலாற்றாசிரியர்கள் ‘இஷ்பீலியா’ எனக் குறித்தனர். 1248ஆம் ஆண்டு காஸ்டில் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோவிடம் அந்நகர் வீழ்ந்ததுடன் அங்கு முஸ்லிம்களின் ஆட்சி முடிவுற்றது. அவர்களது கைத்தொழிலோ நிலைத்தது. அதன் சான்றை, நகரப் பூங்காவில் மக்கள் இளைப்பாறும் இருக்கைகளிலேயே நாம் காணலாம்.

1911இல் மரியா லூயிசா பூங்காவைத் திருத்தியமைக்கும் பணி பிரெஞ்சுக் கலைஞர் ஃபொரெஸ்தியேவிடம் ஒப்படைக்கப்பட்டது. அல்ஹம்ரா, ஜன்னத்துல் அரீஃப் ஆகியவற்றின் தோட்ட மரபை அவர் அங்கே புதுப்பித்தார். நீரூற்று, மர நிழல், வண்ண ஓடு பதித்த திண்ணை ஆகியன ஒன்றையொன்று சார்ந்து அமைந்தன. அதையொட்டி, 1929ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கெனக் கட்டடக் கலைஞர் அனிபால் கொன்சாலஸ் ‘ஸ்பெயின் சதுக்கத்தை’ வடிவமைத்தார். அதன் அரைவட்டக் கட்டடத்தின் அடியில் மாகாணங்களுக்கென 48 மாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓடு பதித்த இருக்கையும், அம்மாகாண வரலாற்றுக் காட்சியும், தரையில் வரைபடமும், இருபுறமும் நூல் வைக்கும் தட்டுகளும் அமைந்துள்ளன.

இவ்வோட்டிற்கு ஸ்பானியர் வழங்கும் ‘அசுலேஹோ’ என்னும் பெயர் ‘அஸ்ஸுலைஜ்’ என்ற அரபுச் சொல்லின் திரிபாகும். அல்ஹம்ராவின் கைவினைஞர்கள் ஓடுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி இணைத்துச் சுவரின் கீழ்ப்பகுதியை அணிசெய்தனர். தரையில் அமர்வோரின் முதுகு படும் பகுதி அதுவே. அங்கு ஓடு குளுமை தரும், கழுவவும் எளிது. பின்னர், எண்ணெயும் மாங்கனீசும் கலந்த கோட்டால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலவாமல் தடுக்கும் முறையும், அச்சில் அழுத்தி வரம்பு எழுப்பும் முறையும் செவிலில் பரவின. உழைப்பும் செலவும் குறைந்தன. ஆற்றின் மறுகரையிலுள்ள திரியானாவின் குயவர்கள் இத்தொழிலைத் தலைமுறைகளாகக் காத்தனர். அவ்வாற்றின் பெயரான ‘குவாதல்கிவிர்’ என்பதும் ‘வாதில் கபீர்’ எனும் அரபுப் பெயரே.

கிரனாடாவுக்குரிய மாடம் நம் சிந்தனையைத் தூண்டுகிறது. 1492இல் இறுதி நஸ்ரி மன்னர் அபூ அப்தில்லாஹ், நகரின் சாவிகளை வெற்றியாளரிடம் ஒப்படைக்கும் காட்சி அங்கே தீட்டப்பட்டுள்ளது. ஓட்டின்மீது ஓவியம் தீட்டும் இம்முறையை 1500ஐ ஒட்டிச் செவிலுக்குக் கொணர்ந்தவர் இத்தாலியரான நிக்குலோசோ பிசானோ. ஆயினும் அவ்வோவியத்துக்குத் தளமான வெள்ளீய மெருகு, அப்பாசியர் கால ஈராக்கில் செழித்து, அந்தலுஸ் வழியே இத்தாலியை அடைந்த கலையன்றோ! தோல்வியைச் சித்திரிக்கும் ஓடே தோற்றவர்களின் தொழிலறிவைத் தாங்கி நிற்கிறது. 1609 முதல் 1614 வரை, ஞானஸ்நானம் பெற்றிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டனர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

பழங்கட்டடங்களைப் பார்த்துத் திறந்தவெளி இருக்கை அமைக்க விழைவோர், பெரும்பாலும் வளைவையும் விண்மீன் கோலத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். வெயிலில் நிற்கும் ஓட்டு இருக்கை சுடும். நிழலும் நீரும் சூழ்ந்தால்தான் அது குளிரும். ஃபொரெஸ்தியே கோலத்தோடு இக்காரணத்தையும் கற்றார். அந்தலுஸின் கட்டடக் கலையிலிருந்து பெறத்தக்க முதற்பாடம், அமர்பவரின் உடல்நலனைக் கருதிய அந்த அறிவே என்பது நம் துணிபு.